பன்னிரண்டு மணிக் காற்று

தூத்துக்குடி
14-2-1974

அன்பு தேவகனிக்கு,

தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. நீ எழுதிய கடைசிக் கடிதத்தில் ‘கிருபை நன்றாகச் சாப்பிடுகிறாள்’ என்ற ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் உன் அக்காள் புராணம்.

பத்து நாள் என்று சொல்லித்தானே உங்கள் இருவரையும் தென்காசிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்? பிள்ளைக்கு மூச்சிழுப்பு விடவில்லை, மலைக்காற்றுப் பட்டால் சரியாகும் என்றாய். சரி என்றேன். மூன்று வாரமாகிவிட்டது. இப்போது கிருபையை அங்கேயே பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டதாக என் சகலை ஞானையா கார்டு போடுகிறார். என்னைக் கேட்டது யார்? உன் அக்காள் ஞானபாக்கியத்துக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான். அதற்காக என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அவள் கிருபையைப் பார்க்கிற பார்வை, பிள்ளை பிறந்த நாளிலிருந்தே எனக்குப் புதிதல்ல.

இன்னொரு விஷயம். நீ சிப்பிச் சூளைப் புகை, புகை என்று சொல்லித் திரிந்தது அண்ணன் காதுக்கும் போய்விட்டது. போன ஞாயிறு கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, ஒம் பொண்டாட்டி நம்ம சூளையைச் சொல்லித்தான் ஊரை விட்டுப் போனாளாமே? சிப்பி சுடாம சுண்ணாம்பு எங்கன இருந்துலே வரும்?” என்றார். பத்துப் பேர் நின்று கேட்டார்கள்.

இந்த ஊரில் காற்றுக்குப் புத்தகம் வைத்திருப்பவன் நான் ஒருவன். பதினான்கு வருஷமாகத் தோணிக் கம்பெனி மாடியில் கொடியைப் பார்த்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் காற்றின் திசையை எழுதுகிறேன். டிசம்பர் கடைசியில், சூளைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று நகராட்சிச் சுகாதார அதிகாரி என்னிடம்தான் கேட்டார். புத்தகத்தில் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்: சூளை மூட்டும் நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு; ஆகவே புகையும் கடலுக்கு. ஒரு எழுத்துப் பொய் இல்லை. பிறகு எந்தப் புகையைச் சொல்கிறாய்?

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன்
ஏசுவடியான்


தென்காசி
22-2-1974

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை வெயிலில் நிற்க வைத்ததற்கு மன்னியுங்கள். நாங்கள் வரவில்லை, இப்போதைக்கு வருவதாகவும் இல்லை. கோபத்தில் பல்லைக் கடிக்காமல் மேலே படியுங்கள்.

இங்கே வந்த நாலாவது நாளே கிருபைக்கு இழுப்பு நின்றுவிட்டது. நேற்று அக்காள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி விளையாடினாள். நான் கீழே நின்று அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சும்மா கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்காள் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று எழுதுகிறீர்கள். போகிறது. பள்ளியில் சேர்த்தது நான். அவளைத் திட்ட வேண்டாம்.

காற்றுக்கு வருகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிருபைக்கு இழுப்பு வந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மார்கழியில் ஆறு, தையில் நாங்கள் புறப்படுமுன் பன்னிரண்டு நாளுக்குள்ளேயே ஏழு. ஒன்றுகூடக் காலையில் வந்ததில்லை. எல்லாம் மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். சூளையில் விடிகாலையில் நெருப்பு வைக்கிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு அணைக்கிறார்கள். நீங்கள் ஆறுக்கும் ஆறுக்கும் எழுதுகிறீர்கள். காலை ஆறு மணிக்குக் காற்று கடலுக்குப் போகும், சரி. தோணிக்காரர்கள் அதற்காகத்தான் அந்நேரம் பாய் விரிக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சூளையில் சாம்பல்தான் இருக்கும். நடுவில் பன்னிரண்டு மணிக்குக் காற்று எந்தப் பக்கம், அத்தான்?

பதினான்கு வருஷம் காற்றைப் பார்த்தவருக்கு இது தெரியாதா? அல்லது சூளை உங்கள் அண்ணன் பொன்னுதுரை அத்தானுடையது என்பதால் தெரியவில்லையா?

உங்கள்
தேவகனி


தூத்துக்குடி
5-3-1974

தேவகனிக்கு,

வாத்திச்சி என்னைப் பரீட்சைக்கு உட்கார வைத்திருக்கிறாய். சந்தோஷம்.

காலை ஆறுக்குத் தோணி கிளம்பும், மாலை ஆறுக்குத் தோணி திரும்பும். அதற்காக வைத்த புத்தகம் அது. மத்தியானம் காற்று எழுது என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சுகாதார அதிகாரி புத்தகத்தில் இருப்பதைக் கேட்டார், இருப்பதைக் கொடுத்தேன். இல்லாததை எப்படிக் கொடுக்க? காற்று மணிக்கொரு பக்கம் திரும்பும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க மாடியில் நிற்கட்டுமா?

அண்ணனை இதில் இழுக்காதே. அப்பா போன அன்று எனக்கு ஒன்பது வயது. தோளில் தூக்கிக்கொண்டு போய் நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். நாம் குடியிருக்கும் வீடும் அவருடையது. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன் நான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கேள்வியெல்லாம் உனக்குத் தோன்றியதா, ஞானபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததா?

ஏசுவடியான்


தூத்துக்குடி
12-8-1974

அன்பு தேவகனிக்கு,

நீங்கள் வந்து இருந்துவிட்டுப் போன பத்து நாளும் வீடு வீடாக இருந்தது. கிருபை சுவரில் கரியால் வரைந்த தோணியை நான் அழிக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்காமல் விட மாட்டேன். பத்து நாளும் சூளை எரிந்ததா இல்லையா? எரிந்தது. அதே சூளை, அதே தெரு, அதே வீடு. கிருபைக்கு ஒரு நாளாவது இழுத்ததா? இல்லை. மாடியில் நின்று நீயே மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்தாயே, நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? கிடைத்தது என்ன? மண்தான். சாத்தான்குளத்துத் தேரி மணற்காட்டிலிருந்து ஆடிக்காற்று அள்ளி வந்த சிவப்பு மண்.

ஆகவே பிள்ளைக்கு வந்தது ஏதோ சளி. வந்தது, போய்விட்டது. இத்தனைக்குப் பிறகும் பஸ் ஏறிப் போனாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போவதற்குப் புகை காரணம் இல்லை என்றால் வேறு என்ன காரணம்?

உன்
ஏசுவடியான்


தென்காசி
20-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் மோந்து பார்த்தது உண்மை. புகை வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டீர்கள்.

இங்கே அக்காள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை தெரிகிறது. செங்கோட்டைப் பக்கம் மட்டும் மலை விலகி வழி விட்டிருக்கிறது. ஆனி பிறந்ததும் அந்த வழியாக மேல்காற்று நுழைகிறது. சாரலையெல்லாம் இங்கேயே உதறிப் போட்டுவிட்டு, வெறும் வறட்டுக் காற்றாகச் சமவெளியில் இறங்கி உங்களிடம் ஓடி வருகிறது. நாங்கள் இங்கே ஈரத் துணியோடு திண்டாடுகிறோம். நீங்கள் அங்கே கண்ணில் மண் விழுகிறது என்கிறீர்கள். இரண்டும் ஒரே காற்று. அது ராப்பகலாகக் கடலைப் பார்த்தே அடிக்கிறது. ஆடியில் கடல்காற்று கரைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அதனால் பன்னிரண்டு மணிக்கும் புகை கடலுக்கே போயிற்று.

ஆவணி, புரட்டாசி வரை அப்படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளையே எரியாது. மார்கழிக்குப் பிறகு மேல்காற்றும் இல்லை, மழையும் இல்லை. அப்போது மத்தியானம் கடல்காற்று தாராளமாக ஊருக்குள் வரும், சூளையைக் கூடவே கூட்டிக்கொண்டு. எனக்கு ஆடிக்காற்றைக் காட்டிச் சமாதானம் சொல்லாதீர்கள். தையிலும் மாசியிலும் பன்னிரண்டு மணிக்குக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு மாதம் எழுதிக் காட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வேறு காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்டாட்டியிடம் கேட்கும் கேள்வியா அது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்
தேவகனி


தென்காசி
10-1-1975

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்து போனதிலிருந்து வீட்டில் உங்கள் பேச்சுத்தான். நீங்கள் கொண்டு வந்த மஸ்கோத்து அல்வாவை ஞானையா சார் ஒளித்து வைத்துத் தின்றார். எல்லாரும் சுகம். கிருபைக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே குளிர் அதிகம். உங்களுக்குக் கம்பளி மப்ளர் பின்னுகிறேன். பாதி முடிந்திருக்கிறது.

கடிதத்தில் மீதி இடம் இருப்பதால் உங்கள் மகள் தானும் எழுத வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். எனக்குப் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. அவளே எழுதி ஒட்டிப் போடட்டும்.

உங்கள்
தேவகனி

அப்பா நான் கிருபை. நான் ஒண்ணாம் வகுப்பில் முதல். காலையில் இங்கே ஜன்னல் திறக்கக் கூடாது. பெரியம்மா ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறாள். எனக்கு ராத்திரி இழுக்காது. விடிந்த உடனேதான் இழுக்கும். பிறகு வெயில் வந்ததும் சரியாகிவிடும். இதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாள்.


தூத்துக்குடி
17-1-1975

தேவகனிக்கு,

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் நீ படித்திருக்க வேண்டும்.

‘ஒரு குறையும் இல்லை’ என்று மேலே நீ எழுதுகிறாய். ‘விடிந்த உடனே இழுக்கும்’ என்று கீழே பிள்ளை எழுதுகிறாள். நான் எதை நம்ப? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் மூன்று நாள் மாடி அறையில் ஏழரை மணி வரை தூங்கினேன். அதுவரை கீழே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தீர்களா? மூன்று பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் போட்டீர்களா?

ஒரு வருஷமாக என்னைப் பொய்யன் என்கிறாய். நான் புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். நீ நெஞ்சில் இருந்ததை மறைத்தாய். மலைக்காற்று, மலைக்காற்று என்றாயே! மலையடிவாரத்திலும் இழுக்கிறது என்றால் என் அண்ணன் சூளை அங்கேயும் வந்து புகைகிறதா?

இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. இந்தத் தையில் நம் தெருவில் புகை வாடையே இல்லை. துவைத்த துணி வெள்ளையாகவே கொடியில் காய்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. வராவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன். ஞானபாக்கியம் வாசலில் நின்று தடுத்தாலும் சரி.

ஏசுவடியான்


தென்காசி
2-3-1975

அன்புள்ள அத்தானுக்கு,

மறைத்தது தப்பு. மறைத்தேன். உங்கள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து கிருபைக்கு விடிகாலையில் இழுக்கிறது. ராத்திரி மலையிலிருந்து குளிர்காற்று கீழே வழிந்து வந்து ஊரில் தேங்கிவிடுகிறது. இங்கே அறுப்புக் காலம். விடியுமுன்னே ஆலைகளில் நெல் அவிக்கிறார்கள். அந்தப் புகை மேலே எழும்ப வழியில்லாமல் வாசல்படி உயரத்தில் படுத்துக் கிடக்கிறது. எட்டு மணிக்கு வெயில் ஏறிய பிறகுதான் கலைகிறது. போன வருஷம் நாங்கள் வந்தபோது அறுப்பு முடிந்திருந்தது. மாசி பிறந்ததும் குறைந்துவிட்டது. பத்து நாளாக ஒன்றுமில்லை. இதை உங்களிடம் சொன்னால் ‘சூளையில் குற்றமில்லை’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள் என்று பயந்தேன். எழுதியும்விட்டீர்கள்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். போன புதன்கிழமை நான் தூத்துக்குடியில் இருந்தேன்.

உங்களுக்குத் தெரிவிக்கவில்லை. கிருபையை அக்காளிடம் விட்டுவிட்டு முதல் பஸ் ஏறி வந்தேன். புகையே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, என் கண்ணாலே பார்த்துவிடலாம் என்று வந்தேன். எதிர்வீட்டுத் தங்கத்தாய் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டு நடையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பதினொன்றே காலுக்குக் காற்று திரும்பியது. புகை தெருமுனைக்கு வந்தது. தங்கத்தாய் கைக்குழந்தை இருமத் தொடங்கினான்.

அதே நேரத்துக்கு நீங்கள் சைக்கிளில் வந்தீர்கள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனீர்கள். தெற்கு ஜன்னல் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சாத்தினீர்கள். மொட்டைமாடிக் கொடியில் கிடந்த உங்கள் இரண்டு வெள்ளைச் சட்டையையும் உருவி உள்ளே போட்டீர்கள். மறுபடியும் பூட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டீர்கள். “இன்னைக்கு மட்டுமாக்கும்னு நெனைக்காத தேவகனி. அண்ணன் தெனமும் இதே நேரத்துக்கு வாராவ, சாத்திட்டுப் போறாவ. ரெண்டு வருசமா அப்படித்தான்” என்றாள் தங்கத்தாய்.

ரெண்டு வருஷமாக! நான் ஜன்னல் ஓரத்தில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு நெஞ்சைத் தடவிய நாளிலும் இடைவேளைக்கு வருவதாகச் சொல்லி வந்தீர்களே, அதற்குத்தானா? உங்களைக் கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தத் தெருவிலேயே கத்தியிருப்பேன்.

சட்டைக்குப் புகை வருகிறது. பிள்ளைக்கு மட்டும் வரவில்லையா, அத்தான்?

தேவகனி


தூத்துக்குடி
9-3-1975

அன்பு தேவகனி,

உன் கடிதத்தை மாடியில் வைத்துப் படித்தேன். கொடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தெரியும். முதலிலிருந்தே தெரியும். இந்த ஊரில் காற்று திரும்புவது தெரியாதவன் உண்டா? தோணி ஓட்டும் ரோச் தண்டல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்: “பதினோரு மணிக்கு மேல கொண்டல் ஏறிரும், தோணியைக் கட்டிப் போடு.” கிழக்கே கடலிலிருந்து வருகிற காற்றுக்குத்தான் அவர்கள் கொண்டல் என்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல?

அந்த 1973 டிசம்பரில் அண்ணன் ஆபீஸுக்கே வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை. “ஏலே, ஒன்னைய பொய்யா எழுதச் சொல்லுதேன்? புஸ்தகத்துல என்ன இருக்கோ அதை மட்டும் எழுதிக் குடு” என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது, தேவகனி. ஒரு பொய்யும் சொல்லாமல் அண்ணனுக்கு ஒத்தாசை செய்துவிடலாம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கிருபைக்கு இழுத்தது. நீ விளக்கெண்ணெய் காய்ச்சினாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஞானபாக்கியத்தைப் பற்றி எழுதியதெல்லாம் என் குற்றத்தை வேறொருவர் தலையில் வைக்கத்தான். அவரிடம் சொல்லிவிடு.

இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம். நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். ஆனி முதல் கார்த்திகை வரை நீங்கள் இங்கே இருங்கள், காற்று சுத்தம். மார்கழிக்குக் காயல்பட்டினத்திலோ ஆத்தூரிலோ ஒரு அறை பார்க்கிறேன். தை கடைசியில் தென்காசிக்குப் போய்விட்டால் வைகாசி வரை இருக்கலாம். பிள்ளைக்கு எந்த மாதத்திலும் கெட்ட காற்றுப் படாது. போட்ட கையெழுத்தை மட்டும் மாற்றச் சொல்லாதே. அண்ணன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

உன்
ஏசுவடியான்


தென்காசி
14-3-1975

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது.

பிள்ளையைப் பெட்டி மாதிரி மாதத்துக்கொரு ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய நல்ல திட்டம் போட்டிருக்கிறீர்கள். சூளை நகராது, உங்கள் கையெழுத்து நகராது, கிருபை மட்டும் நகர வேண்டும். சரி, அவளுக்காவது தென்காசியில் ஒரு பெரியம்மா இருக்கிறாள். தங்கத்தாய் மகனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது.

பொன்னுதுரை அத்தான் முகத்தில் முழிக்க முடியாது என்கிறீர்கள். அவர் உங்களைத் தூக்கி வளர்த்தவர், எனக்குத் தெரியும். கிருபையை வளர்க்க வேண்டியது யார்?

இங்கே நான் தற்காலிகமாகப் பாடம் எடுக்கும் பள்ளியில் நிரந்தர வேலைக்கு என்னிடம் தாள் நீட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தூத்துக்குடிக்கு இனி விருந்தாளியாகத்தான் வருவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வாழத் தெரியாமல் இல்லை. உங்களை நம்பாமல் பக்கத்தில் இருக்கத்தான் தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் இதில் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது. அப்படிக் குடித்தனம் பண்ண என்னால் ஆகாது.

இனி நீண்ட கடிதம் வேண்டாம். பன்னிரண்டு மணிக்குக் காற்று எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு வரி. கீழே கையெழுத்து. அது எனக்கு வர வேண்டும்.

தேவகனி


[கார்டு]

தூத்துக்குடி
20-3-1975, வியாழன்

பகல் மணி 12. காற்று தென்கிழக்கிலிருந்து. சிப்பிச் சூளைப் புகை முழுவதும் தெற்குத் தெருவுக்குள் வருகிறது. மார்கழி முதல் வைகாசி வரை இந்நேரத்தில் இப்படியே. முன்பு நான் கொடுத்த சான்று காலை ஆறு மணிக் காற்றுக்கு மட்டுமே பொருந்தும். மத்தியானக் காற்று தெரிந்தும் எழுதாமல் விட்டேன்.

சா. ஏசுவடியான்,
காற்றுப் புத்தகக் குமாஸ்தா.

நகல்: 1. நகராட்சிச் சுகாதார அதிகாரி. 2. திரு. சா. பொன்னுதுரை, சூளை உரிமையாளர் (நேரில் கொடுக்கப்பட்டது).

தேவகனி, தபால்காரர் உள்பட யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அண்ணன். புது வீடு எந்தத் தெருவில் பார்க்க? நீ சொல்லு.